கூடி மிதித்தால் கூடும் வேகம்

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், கிழக்கு வெளுக்கும் முன்னரே, பெங்களூரின் வடபுறத்தில் ஹெப்பாளத்திலிருந்து எலகங்கா செல்லும் சாலையில் நின்று பார்ப்பவர்களுக்கு ஒரு காட்சி தென்படும். மின்மினிகள் வரிசையாகப் பறந்து செல்வதைப் போல, சிவப்பு விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக இருளில் நகர்ந்து செல்லும். அவை சைக்கிள்களின் பின்விளக்குகள். அவற்றை ஓட்டிச் செல்வோர் சைக்கிள் பந்தயத்தைத் தொழிலாகக் கொண்டவர்கள் அல்லர். அலுவலகங்களிலும் ஆலைகளிலும் கல்லூரிகளிலும் பணியாற்றுபவர்கள். வாரத்தில் ஆறு நாட்கள் தத்தம் கடமையைச் செய்துவிட்டு, ஏழாம் நாளில் நகருக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர் தொலைவிலுள்ள நந்தி மலையை நோக்கிப் புறப்பட்டவர்கள்.

இவர்களைச் சற்றுக் கூர்ந்து நோக்கினால் இரண்டு செய்திகள் புலப்படும். ஒன்று, அவர்கள் சாலையில் விலகி விலகிச் செல்வதில்லை. முன்னவரின் பின்சக்கரத்துக்கும் பின்னவரின் முன்சக்கரத்துக்கும் இடையே ஒரு முழ தூரந்தான் இருக்கும். மற்றொன்று, சில நிமிஷங்களுக்கு ஒருமுறை முதலில் செல்பவர் ஒதுங்கி, வரிசையின் கடைசிக்குச் சென்று விடுவார், இரண்டாமவர் முதல்வராவார். இது விளையாட்டுக்காகச் செய்யும் ஏற்பாடன்று. பௌதிகமும் உடலியலும் மனோதத்துவமும் ஒருங்கே கலந்த ஒரு முறை இதில் அடங்கியிருக்கிறது. விரைவாகச் சைக்கிள் ஓட்ட விரும்புகிறவன் ஏன் நண்பர்களைத் தேடுகிறான், அந்நட்பு அவனுக்கு எவ்வளவு உதவுகிறது, எங்கே உதவாமற் போகிறது என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

காற்று என்னும் சுவர்

சமதளமான சாலையில் சைக்கிள் ஓட்டுபவனை எதிர்த்து நிற்கும் சக்திகள் முக்கியமாக இரண்டு. ஒன்று, டயர் சாலையில் அழுந்தி உருளுவதால் ஏற்படும் தடை. மற்றொன்று காற்றின் எதிர்ப்பு. முன்னது வேகத்தோடு பெரிதும் மாறுவதில்லை. காற்றின் எதிர்ப்போ வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பப் பெருகுகிறது. அதாவது, வேகம் இரு மடங்கானால் எதிர்ப்பு நான்கு மடங்காகும். அந்த எதிர்ப்பை வெல்லுவதற்கு விநாடிதோறும் செலவிட வேண்டிய சக்தியோ எட்டு மடங்காகும்.

ஓர் உதாரணத்தால் இதை விளக்கலாம். ஓட்டுபவரும் வண்டியும் சேர்ந்து 80 கிலோ எடை எனக் கொள்வோம். காற்றடியாத பொழுதில், சமதளத்தில், மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் செல்ல அவர் பெடலில் ஏறக்குறைய 130 வாட் சக்தி செலுத்த வேண்டும். அதில் நான்கில் மூன்று பங்கு காற்றை விலக்குவதற்கே போய்விடுகிறது. வேகத்தை 36 கிலோமீட்டராக உயர்த்த வேண்டுமானால், தேவைப்படும் சக்தி ஏறக்குறைய 210 வாட். வேகம் கூடியது ஐந்தில் ஒரு பங்கு. உழைப்புக் கூடியதோ ஐந்தில் மூன்று பங்கு! சாதாரணமாகச் சைக்கிள் ஓட்டிப் பழகிய ஒருவர், ‘இன்னும் கொஞ்சம் வேகமாகப் போகலாம்’ என்று எண்ணி மிதிக்கத் தொடங்கியதும் சீக்கிரமே மூச்சு வாங்குவதன் காரணம் இதுவே.

இவ்விஷயத்தில் பெங்களூர்வாசிகளுக்கு இயற்கை ஒரு சிறு சலுகை அளித்திருக்கிறது. அந்நகரம் கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 920 மீட்டர் உயரத்தில் அமைந்திருப்பதால், அதே உஷ்ணநிலையில் சென்னைக் கடற்கரையிலுள்ள காற்றைவிட அங்குள்ள காற்று ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு அடர்த்தி குறைந்தது. ஆகவே சமதளத்தில் சைக்கிளோட்டிக்கு எதிர்ப்பும் அந்த அளவுக்குக் குறையும். பெல்ஜிய வீரர் எடி மெர்க்ஸ், ஒரு மணி நேரத்தில் கடக்கக்கூடிய மிக நீண்ட தூரத்துக்கான சாதனையை 1972-ம் ஆண்டில் நிலைநாட்ட விரும்பியபோது, ஐரோப்பாவை விட்டு 2,200 மீட்டருக்கு மேல் உயரமுள்ள மெக்ஸிகோ நகரைத் தேர்ந்தெடுத்தார், அங்கே 49.431 கிலோமீட்டர் ஓட்டினார். மெல்லிய காற்றின் பயனை அவர் நன்கு அறிந்திருந்தார். ஆனால் காற்று மெலிந்தால் நுரையீரலுக்குக் கிடைக்கும் பிராணவாயுவும் குறையும் என்பதை மறத்தலாகாது. பெங்களூரின் உயரத்தில் இந்த நஷ்டம் சிறிதே.

பின்னே செல்பவரின் லாபம்

முன்னே செல்லும் சைக்கிளோட்டி காற்றைப் பிளந்துகொண்டு போகும்போது, அவர் முதுகுக்குப் பின்னே அழுத்தம் குறைந்த, அவரோடு சேர்ந்தே நகருகின்ற ஒரு காற்றுப் பகுதி உண்டாகிறது. இரண்டாமவர் அதனுள் புகுந்துகொண்டால், அவருக்கு எதிர்ப்பு வெகுவாகக் குறைகிறது. அமெரிக்க விஞ்ஞானி செஸ்டர் கைல் என்பவர் 1979-ம் ஆண்டில் வெளியிட்ட அளவீடுகளின்படி, நெருங்கிப் பின்தொடர்பவருக்குக் காற்றின் எதிர்ப்பு ஏறக்குறைய 40 சதவீதம் குறைகிறது. இடைவெளி கூடக்கூட இந்த லாபம் சுருங்கும்.

நமது உதாரணத்தில் இதைப் பொருத்திப் பார்ப்போம். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் முதல்வர் 210 வாட் செலவிடும்போது, அவர் பின்னே செல்பவருக்கு ஏறக்குறைய 140 வாட் போதும். அதாவது, தனியே 30 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் உழைப்பைவிடச் சிறிதே அதிகமான உழைப்பில், அவர் 36 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறார். நண்பர் நால்வர் முறை மாற்றி முன்னே சென்றால், ஒவ்வொருவருக்கும் சராசரியாக 160 வாட்டுக்கும் குறைவாகவே ஆகும். அதே உழைப்பில் தனியே செல்பவர் மணிக்கு 32 அல்லது 33 கிலோமீட்டருக்கு மேல் செல்ல இயலாது. கூடிச் செல்வதால் யாரும் புதிதாகச் சக்தி பெற்றுவிடவில்லை. வீணாகும் சக்தி மிச்சப்படுகிறது, அவ்வளவே.

இதில் வியப்பான மற்றொரு செய்தி, பின்னே ஒருவர் வருவதால் முன்னே செல்பவருக்கும் சிறிது பயன் உண்டு என்பதாகும். அவர் முதுகுக்குப் பின்னால் ஏற்படும் அழுத்தக் குறைவைப் பின்னவர் ஓரளவு நிரப்பி விடுகிறார். இந்த லாபம் இரண்டு மூன்று சதவீதமே. நெதர்லாந்தில் ஐந்தோவன் தொழில் நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெர்ட் புளோக்கன் என்பவரும் அவர் குழுவினரும், 121 சைக்கிளோட்டிகள் நெருங்கிச் செல்லும் ஒரு பெருங்கூட்டத்தைக் கணிப்பொறியிலும் காற்றுச் சுரங்கத்திலும் ஆராய்ந்து, 2018-ம் ஆண்டில் தம் முடிவுகளை வெளியிட்டனர். அக்கூட்டத்தின் உட்பகுதியில் நன்கு மறைந்து செல்பவருக்கு ஏற்படும் காற்றெதிர்ப்பு, தனியே செல்பவருடையதில் 5 முதல் 10 சதவீதமே என்று அவர்கள் கண்டனர். விமான மாதிரிகளைச் சோதிக்கும் காற்றுச் சுரங்கங்களைப் பெற்றிருக்கும் பெங்களூரில், ஒவ்வொரு ஞாயிறும் இதே தத்துவம் சாலையிலே நிரூபிக்கப்பட்டு வருகிறது எனலாம்.

மலை உரைக்கும் உண்மை

தேவனஹள்ளியைக் கடந்து, திராட்சைத் தோட்டங்களுக்கிடையே சென்று, நந்தி மலையின் அடிவாரத்தை அடைந்ததும் கணக்கு அடியோடு மாறிவிடுகிறது. மலையின் உச்சி 1,478 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அடிவாரத்திலிருந்து ஏழெட்டுக் கிலோமீட்டர் நீளமுள்ள சாலை, கொண்டையூசி வளைவுகளாகத் திரும்பித் திரும்பி ஏறுகிறது.

நூறு மீட்டருக்கு ஆறு மீட்டர் ஏறும் சாலையில், முன்சொன்ன 80 கிலோ எடையோடு மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் ஏறுவதற்கு ஏறக்குறைய 175 வாட் தேவை. அதில் 157 வாட் எடையைத் தூக்குவதற்கே செலவாகிறது. காற்றை விலக்குவதற்குச் செலவாவது ஆறேழு வாட் மட்டுமே. ஆகவே இங்கே ஒருவர் முதுகுக்குப் பின்னே ஒளிந்து செல்வதால் ஏதும் மிச்சமாவதில்லை. புவியீர்ப்பைப் பங்கு போட்டுக்கொள்ள நண்பர்களால் இயலாது. அவரவர் எடையை அவரவரே தூக்க வேண்டும்.

சமதளத்தில் நண்பர்களின் நிழலில் 36 கிலோமீட்டர் வேகத்தைக் கண்டு தன்னைப் பெருவீரனாக எண்ணியவன், முதல் இரண்டு வளைவுகளிலேயே தன் உண்மையான பலத்தை அறிந்து கொள்கிறான். இவ்வரிகளை எழுதுபவனுக்கும் இந்த அனுபவம் உண்டு. ஒரு வங்கி ஊழியர், ஒரு கல்லூரி ஆசிரியர், ஓர் ஆலையில் எந்திரத் தொழிலாளர், நான் என நால்வர் நாற்பது வயதைத் தாண்டியபின் இவ்வழக்கத்தை மேற்கொண்டோம். முதல் சில வாரங்கள் நான் பெரும்பாலும் வரிசையின் கடைசியிலேயே இருந்தேன். வேகமானியின் எண்ணைக் கண்டு மகிழ்ந்தேன். நந்தியில் ஏறிய முதல் நாளன்று, மற்ற மூவரும் உச்சியில் தேநீர் அருந்தி முடித்த பின்னரே நான் போய்ச் சேர்ந்தேன். 52 நிமிஷங்கள் ஆயின. என் உழைப்பில் பெரும்பகுதியைப் பிறர் செய்து வந்தார்கள் என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

உடலினுள் நிகழ்வன

அப்படியானால் உண்மையான பலம் எவ்வாறு பெருகுகிறது? மனிதத் தசை ஓர் எந்திரம் என்று கொண்டால், அதன் திறன் நான்கில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. பெடலில் 200 வாட் செலுத்துபவரின் உடல் ஏறக்குறைய 850 வாட் அளவுக்குச் சக்தியைச் செலவிடுகிறது. எஞ்சிய 650 வாட்டும் உஷ்ணமாக வெளியேற வேண்டும். இதற்காக அவர் நிமிஷத்துக்கு இரண்டரை லிட்டர் பிராணவாயுவைப் பயன்படுத்துகிறார். ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போது தேவைப்படுவதைப் போல இது ஏறக்குறையப் பத்து மடங்காகும். ஒரு லிட்டர் வியர்வை முற்றிலும் ஆவியாகும்போது எடுத்துச் செல்லும் உஷ்ணம், இவ்வாறு ஒரு மணி நேரம் உழைப்பதால் உண்டாகும் உஷ்ணத்துக்கு ஏறக்குறைய ஈடாகும். சமதளத்தில் வேகத்தால் வீசும் காற்று உடலைக் குளிர்விக்கிறது. மலையேற்றத்திலோ அந்தக் காற்று இல்லை; ஆகவேதான் விடியற்காலைக் குளிரிலும் வியர்வை சொட்டுகிறது.

தொடர்ந்து பயிற்சி செய்பவரின் உடலில் சில மாறுதல்கள் படிப்படியாக நிகழ்கின்றன. முதலில், இரத்தத்தின் நீர்ப்பகுதி சில நாட்களிலேயே பெருகுகிறது. நாளடைவில் இருதயம் ஒரு துடிப்புக்கு வெளியேற்றும் இரத்தத்தின் அளவு கூடுகிறது. தசைகளில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் மிகுகின்றன. உயிரணுக்களின் உள்ளே பிராணவாயுவைக் கொண்டு உணவுச் சத்தை எரிக்கும் உலைகளாகிய மைட்டோகாண்ட்ரியா என்னும் நுண்ணுறுப்புகளும் பெருகுகின்றன. ஜான் ஹாலோஸி என்ற அமெரிக்க மருத்துவ விஞ்ஞானி எலிகளை ஓடச் செய்து, அவற்றின் தசைகளில் இவ்வுறுப்புகளுக்குரிய என்ஸைம்களின் செயல் ஏறக்குறைய இரு மடங்கானதை 1967-ம் ஆண்டில் நிறுவினார். அதற்குப் பின்னரே, பயிற்சி என்பது இருதயத்தையும் நுரையீரலையும் மட்டுமின்றித் தசையின் நுண்ணிய அமைப்பையும் மாற்றுகிறது என்பது தெளிவாயிற்று.

உணவும் கவனிக்கத் தக்கது. தசைகளிலும் ஈரலிலும் கிளைகோஜன் என்னும் மாவுச்சத்து ஏறக்குறைய அரைக் கிலோ அளவே சேமிப்பில் இருக்கும். கடும் உழைப்பில் இரண்டு மூன்று மணி நேரத்தில் இது தீர்ந்துவிடக் கூடும். தீர்ந்ததும் கால்கள் ஈயம் போலக் கனக்கும், கண் இருளும். ஆகவே நீண்ட பயணங்களில் மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை மாவுச்சத்து உட்கொள்ளுதல் நலம். இதற்கு விலையுயர்ந்த பொட்டலங்கள் தேவையில்லை. பையில் நான்கைந்து ஏலக்கி வாழைப்பழங்களும், நீரில் கரைத்த சிறிது சர்க்கரையும் உப்பும், வழியில் ஒரு தட்டை இட்லியும் அந்தப் பணியைச் செவ்வனே செய்யும்.

பேச்சே ஒரு மானி

பயிற்சியைப் பற்றி மக்களிடையே நிலவும் பெருந்தவறான எண்ணம், ஒவ்வொரு நாளும் மூச்சு முட்ட ஓட்டினால்தான் வேகம் வரும் என்பது. உண்மை இதற்கு மாறானது. உலகின் தலைசிறந்த சைக்கிளோட்டிகள், படகோட்டிகள், நெடுந்தூர ஓட்டக்காரர்கள் ஆகியோரின் பயிற்சிக் குறிப்புகளை ஆராய்ந்த ஸ்டீபன் ஸைலர் என்னும் விஞ்ஞானி, அவர்களுடைய பயிற்சிகளில் ஐந்தில் நான்கு பங்கு எளிதானவையாகவும், ஒரு பங்கே கடுமையானதாகவும் இருப்பதைக் கண்டார். எளிய ஓட்டம் உடலை அதிகம் களைப்படையச் செய்யாமல் அடித்தளத்தை அமைக்கிறது. கடும் ஓட்டம் அதன் மேல் கட்டடத்தை எழுப்புகிறது.

எளிது எது, கடுமை எது என்று எப்படி அறிவது? பெடலிலே பொருத்தும் சக்திமானிகளும் மார்பிலே கட்டும் துடிப்புமானிகளும் இக்காலத்தில் கிடைக்கின்றன. வயதை 220-லிருந்து கழித்தால் இருதயத் துடிப்பின் உச்ச வரம்பு கிடைக்கும் என்ற கணக்கும் வழக்கில் இருக்கிறது. ஆனால் இது தோராயமே. ஆளுக்கு ஆள் பத்துத் துடிப்புக்கு மேலும் வேறுபடலாம். இவை எல்லாவற்றையும்விட எளிய மானி ஒன்று நண்பர்களோடு செல்பவருக்குச் செலவின்றிக் கிடைக்கிறது. அதுதான் பேச்சு. ஒரு முழு வாக்கியத்தை மூச்சுத் திணறாமல் பேச முடிந்தால் ஓட்டம் எளிது. மூன்று நான்கு சொற்களுக்கு ஒருமுறை மூச்சு வாங்க வேண்டியிருந்தால் ஓட்டம் நடுத்தரம். ‘ஆம்’, ‘இல்லை’ என்பதற்கு மேல் பேச இயலாவிட்டால் அதுவே கடும் ஓட்டம். குடும்பக் கதையும் அலுவலகக் கதையும் பேசிக்கொண்டே செல்லும் நண்பர்கள், தம்மை அறியாமலே சரியான அடித்தளப் பயிற்சியைச் செய்து வருகிறார்கள்.

கடும் பயிற்சிக்கு இடைவெளி முறையே சிறந்தது. 1930-களில் ஜெர்மனியில் வோல்டெமார் கெர்ஷ்லர் என்ற பயிற்சியாளர் ஓட்டக்காரர்களிடையே இம்முறையை ஒழுங்காக வகுத்தார். அவரிடம் பயின்ற ருடால்ப் ஹார்பிக் 1939-ம் ஆண்டில் 800 மீட்டர் தூரத்தை 1 நிமிஷம் 46.6 விநாடியில் ஓடி உலக சாதனை படைத்தார். 1996-ம் ஆண்டில் ஜப்பானிய விஞ்ஞானி இஸுமி தபாட்டாவும் அவர் துணைவர்களும் நிலைச் சைக்கிளில் ஒரு சோதனையை நடத்தினர். இருபது விநாடி மிகக் கடுமையாக மிதித்தல், பத்து விநாடி ஓய்வு என்று ஏழெட்டு முறை செய்ததில், ஆறு வாரத்தில் பிராணவாயுவைப் பயன்படுத்தும் திறனும், பிராணவாயுவின் உதவியின்றிக் குறுகிய நேரம் உழைக்கும் திறனும் ஒருங்கே உயர்ந்தன. நாற்பதைக் கடந்தவர்களுக்கு அவ்வளவு கடுமை ஆரம்பத்தில் வேண்டியதில்லை. நான்கு நிமிஷம் விரைவாக ஏறி, மூன்று நிமிஷம் மெதுவாக மிதித்து, இவ்வாறு நான்கு முறை செய்தல் போதுமானது. அதையும் மருத்துவரிடம் இருதயத்தைக் காட்டி, அவர் இசைவு பெற்ற பின்னரே தொடங்குதல் வேண்டும்.

போட்டி ஊக்கமும் அதன் வரம்பும்

மலையில் காற்றின் உதவி இல்லை என்றோம். ஆயினும் அருகே ஒருவர் ஏறிச் செல்லும்போது நாமும் விரைந்து ஏறுகிறோமே, அது ஏன்? இவ்வினாவுக்கு நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அமெரிக்காவில் இந்தியானாப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்த நார்மன் டிரிப்லெட் என்பவர் 1897-ம் ஆண்டுச் சைக்கிள் பந்தயங்களின் பதிவுகளை ஆராய்ந்தார். தனியே கடிகாரத்தை எதிர்த்து ஓட்டியவர்களைவிட, வழிகாட்டும் வண்டியோடு ஓட்டியவர்களும், ஒருவரையொருவர் போட்டியிட்டு ஓட்டியவர்களும் விரைவாகச் சென்றிருந்தனர். காற்றின் மறைப்பு இதற்கு ஒரு காரணம் என்பதை அவரும் அறிந்திருந்தார். அதுவே முழுக்காரணமா என்று அறிய விரும்பி, காற்றுக்கு இடமே இல்லாத ஒரு சோதனையை அமைத்தார். தூண்டிற்கயிறு சுற்றும் உருளையை நாற்பது சிறுவர் சிறுமியரிடம் கொடுத்து, தனியாகவும் இருவர் இருவராகவும் சுற்றச் செய்தார். 1898-ம் ஆண்டில் அவர் வெளியிட்ட முடிவின்படி, ஏறக்குறையப் பாதிப்பேர் போட்டியில் விரைவாகச் சுற்றினர்; கால் பங்கினர் பாதிக்கப்படவில்லை; எஞ்சிய கால் பங்கினர் பதற்றத்தால் முன்னிலும் மெதுவாகச் சுற்றினர்.

சமூக மனோதத்துவத்தின் தொடக்கச் சோதனைகளில் ஒன்றாக இது போற்றப்படுகிறது. அவருடைய எண்களை இக்காலப் புள்ளியியல் முறைப்படி 2005-ம் ஆண்டில் மீண்டும் கணக்கிட்டபோது, போட்டியால் விளைந்த வேறுபாடு மிகச் சிறிது என்பது தெரியவந்தது. எனினும் அவர் குறித்து வைத்த அந்தக் கால் பங்கினர் நம் கவனத்துக்கு உரியவர்கள். நண்பர் கூட்டம் எல்லோரையும் ஒரே விதமாக ஊக்குவிப்பதில்லை. சிலரை அது உந்துகிறது, சிலரை மிரட்டுகிறது. எளிதாக ஓட்ட வேண்டிய நாளிலும் ஒருவர் மற்றவரை முந்தத் துடித்தால், அந்தக் கூட்டத்தில் யாருக்கும் ஓய்வு இல்லை. வாரக்கணக்கில் இவ்வாறு செய்தால் வேகம் கூடுவதற்குப் பதிலாகக் குறையும், உறக்கம் கெடும், உற்சாகம் வற்றும்.

ஒரு முழத்தின் விலை

இனி, இவ்விளையாட்டின் ஆபத்தையும் மறைக்காமற் கூற வேண்டும். மணிக்கு 36 கிலோமீட்டர் என்பது விநாடிக்குப் பத்து மீட்டர். இரு சக்கரங்களுக்கிடையே அரை மீட்டர் இடைவெளி இருக்குமானால், முன்னவர் நிற்கும் இடத்தைப் பின்னவர் ஒரு விநாடியில் இருபதில் ஒரு பங்கு நேரத்தில் அடைந்து விடுவார். மனிதன் ஒன்றைக் கண்டு, உணர்ந்து, பிரேக்கைப் பிடிப்பதற்கு, மிகுந்த விழிப்போடு இருந்தாலும் ஐந்தில் ஒரு பங்கு விநாடிக்குக் குறையாது. ஆகவே பின்னே செல்பவர் தம் கண்களை நம்பிச் செல்வதில்லை. முன்னே செல்பவரின் கண்களை நம்பியே செல்கிறார்.

ஒரு நாள் எலகங்காவைக் கடந்து சென்று கொண்டிருந்தபோது நாய் ஒன்று குறுக்கே வந்தது. முன்னே சென்றவன் நான். ‘நாய்’ என்று ஒரு சொல் கூவியிருந்தால் போதும். நானோ ஒன்றும் கூறாமல் பிரேக்கைப் பிடித்துவிட்டேன். இரண்டாவதாக வந்த கல்லூரி ஆசிரியரின் முன்சக்கரம் என் பின்சக்கரத்தின் பக்கத்தில் உரசியது. சைக்கிளில் சமநிலை என்பது, சாயும் பக்கம் முன்சக்கரத்தைச் சிறிது திருப்புவதால் காக்கப்படுவது. அச்சக்கரம் வேறொரு சக்கரத்தின்மேல் உரசிக்கொண்டிருக்கும்போது அவ்வாறு திருப்ப இயலாது. ஆகவே இத்தகைய உரசல்களில் முன்னவர் தப்பித்துக் கொள்வார், பின்னவரே விழுவார். அவ்வாறே அவர் விழுந்தார். தலைக்கவசம் தலையைக் காத்தது. காறை எலும்பு முறிந்தது. பின்னால் லாரி ஏதும் வரவில்லை என்பது எங்கள் நல்வினை.

அவர் என்னைக் கடிந்து ஒரு வார்த்தை கூறவில்லை. அதனால் என் தவறு சிறிதாகி விடவில்லை. அன்று முதல் நாங்கள் சில விதிகளை வகுத்துக் கொண்டோம். முன்னே செல்பவர் பள்ளம், வேகத்தடை, நாய், மனிதர் எதுவாயினும் உரக்கக் கூற வேண்டும். கையாலும் காட்ட வேண்டும். திடீரென்று பிரேக் பிடித்தலோ வளைதலோ கூடாது. ஒருவர் சக்கரத்தோடு இன்னொருவர் சக்கரம் பக்கவாட்டில் மேற்படியக் கூடாது. நெரிசலான சாலையிலும் இறக்கத்திலும் நெருங்கிச் செல்லுதல் அறவே ஆகாது. முன்னும் பின்னும் விளக்கின்றி யாரும் புறப்படக் கூடாது. இவ்விதிகளால் நேரும் வேக நஷ்டம் அற்பம்.

பயன்

கர்நாடகத்தில் இவ்விளையாட்டு இன்று வேரூன்றி விட்டது. பெங்களூர் பைசைக்கிள் சாம்பியன்ஷிப்ஸ் என்னும் பெயரில் அந்நகர ஆர்வலர்கள் நடத்திய பந்தயங்கள் பலருக்குப் பயிற்சிக்களமாக அமைந்தன. பெங்களூர் ஆர்வலர்களின் முயற்சியால் 2008-ம் ஆண்டில் நீலகிரிச் சைக்கிள் பயணம் தொடங்கப் பெற்றது. மசினகுடியிலிருந்து உதகைக்கு ஏறும் கல்லட்டிச் சாலையின் 36 கொண்டையூசி வளைவுகள் அப்பயணத்தில் புகழ் பெற்றவை. கத்தார் நாட்டின் தோஹா நகரில் 2016-ம் ஆண்டில் நடந்த உலகச் சாலைச் சைக்கிள் போட்டியில், தனியே கடிகாரத்தை எதிர்த்து ஓட்டும் பிரிவில், பெங்களூரில் பயிற்சி பெற்றுவந்த நவீன் ஜானும், அர்விந்த் பன்வாரும் இந்தியாவின் சார்பில் கலந்து கொண்டனர். அப்பிரிவில் யாருடைய முதுகும் காற்றை மறைக்காது. ஆனால் அத்தகைய தனிமையான ஒரு மணி நேரத்துக்கு உடலை ஆயத்தம் செய்வது, பல ஆண்டுகள் பலரோடு கூடி மிதித்த காலைப் பொழுதுகளே.

எங்கள் நால்வரின் முறை மிக எளியது. வாரத்தில் இரண்டு நாள் பேசிக்கொண்டே செல்லும் எளிய ஓட்டம். ஒரு நாள் இடைவெளிப் பயிற்சி. அதில் அவரவர் தம் அளவுக்கு ஏறி, கீழே திரும்பி வந்து, கடைசியில் வருபவரோடு சேர்ந்துகொள்ள வேண்டும். ஞாயிறன்று நெடும் பயணம். அதில் ஒவ்வொருவரும் முன்னே செல்லும் முறையைத் தவறாமல் ஏற்க வேண்டும். பலம் மிகுந்தவர் நீண்ட நேரமும், குறைந்தவர் சிறிது நேரமும் முன்னிற்கலாம். ஆனால் ஒருவரும் முழுவதும் மறைந்து செல்லலாகாது. நான்கு மாதங்களுக்குப் பின் நந்தியில் நான் ஏறிய நேரம் 52 நிமிஷத்திலிருந்து 43 நிமிஷமாகக் குறைந்தது. நால்வரின் அனுபவம் விஞ்ஞானச் சோதனை ஆகிவிடாது என்பதை நான் அறிவேன். அக்காலத்தில் என் எடையும் நான்கு கிலோ குறைந்தது. எந்தப் பங்கு எதனால் விளைந்தது என்று பிரித்துக் கூற இயலாது.

எலும்பு கூடி, மருத்துவர் அனுமதித்த பிறகு, கல்லூரி ஆசிரியர் மீண்டும் எங்களோடு புறப்பட்டார். எலகங்கா வரை அவர் வரிசையில் சற்றுத் தள்ளியே வந்தார். நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை. நான் முன்னே சென்ற முறையில் ஒவ்வொரு பள்ளத்தையும் உரக்கக் கூறிக்கொண்டே சென்றேன். தேவனஹள்ளியை அடையும் முன் திரும்பிப் பார்த்தபோது, அவருடைய முன்சக்கரம் என் பின்சக்கரத்துக்கு ஒரு முழ தூரத்தில் வந்துகொண்டிருந்தது. காற்றின் எதிர்ப்பில் நாற்பது சதவீதத்தைக் குறைக்கும் அந்த ஒரு முழ இடைவெளியை அளக்கக் கருவிகள் உண்டு. அதற்குள் துணிந்து நுழையும் நம்பிக்கையை நண்பர்களே ஒருவருக்கொருவர் அளிக்க வேண்டும்.